அளவு சொல்லாத விலை

2014 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கொள்முதல் அலுவலர்களுக்கு ஓர் ஆணை அனுப்பியது. அரசின் மைய ஒப்பந்தப் பட்டியலில் உள்ள விலை நியாயமானது என்று ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருந்தாலும் அதை அப்படியே ஏற்கக் கூடாது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விலை நியாயம்தானா என்று அலுவலர் தாமே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்நாட்டின் கொள்முதல் விதிநூல் அப்போது இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மைய அமைப்பு விலை பேசி முடித்துவிட்டதால் வாங்கும் அலுவலகம் மறுபடி ஆராயத் தேவையில்லை என்றது விதி. அமெரிக்க அரசுத் துறைகளிலேயே மிக அதிகமாக வாங்கும் துறை, அதே அரசின் இன்னோர் அங்கம் பேசி வைத்த விலையை நம்ப மறுத்தது. அந்த அவநம்பிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது. முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்ளும் முறை எந்த நாட்டில் நடந்தாலும் அதே காரணம் அங்கும் எழும்.

இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஷிங்டனில் ஒவ்வொரு துறையும் காகிதம், மை, நாற்காலி, நிலக்கரி எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கியது. ஒரே ஊரில், ஒரே அரசு, ஒரே பொருளுக்குப் பல விலை கொடுத்தது. 1910-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பொது வழங்கல் குழு ஒன்றைக் கருவூலத் துறையின் கீழ் அமைத்தது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான பொருள்களுக்கு ஒரே விலைப்பட்டியல் தயாரிப்பது அதன் வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான ஆணையம் அரசு நிர்வாகத்தைச் சீரமைக்கப் பரிந்துரைகள் தந்தது. அவற்றின் அடிப்படையில் 1949 ஜூலை 1 அன்று, ட்ரூமன் ஆட்சியில், ஜி.எஸ்.ஏ. என்று அழைக்கப்படும் பொதுச் சேவைகள் நிர்வாகம் பிறந்தது. அரசுக் கட்டடங்களும் வாகனங்களும் அதன் பொறுப்புக்கு வந்தன. கொள்முதலும் வந்தது.

ஜி.எஸ்.ஏ. நடத்தும் ஒப்பந்தப் பட்டியலை அத்தொழிலில் உள்ளவர்கள் ‘ஷெட்யூல்’ என்கிறார்கள். பொருள்வாரியாக 24 தனிப் பட்டியல்களாக இருந்ததை 2019 அக்டோபரில் ஒன்றாக்கினார்கள். மேசை, கணினி, மென்பொருள், ஆய்வகக் கருவி, மொழிபெயர்ப்பு, மேலாண்மை ஆலோசனை என அரசு அலுவலகத்துக்கு வேண்டிய ஏறக்குறைய எல்லாமே அதில் உண்டு. ஆண்டு விற்பனை 4,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இது நம் ஊர் டெண்டர் போன்றதன்று. டெண்டரில் இத்தனை பொருள் இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று அறிவிப்பார்கள். பலர் விலைப்புள்ளி தருவார்கள். ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவர்கள் தோற்பார்கள். ஷெட்யூலுக்கான அழைப்பு ஆண்டு முழுதும் திறந்தே கிடக்கிறது. தகுதியுள்ள எந்த நிறுவனமும் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஜி.எஸ்.ஏ. அலுவலர் ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியே அமர்ந்து விலை பேசுகிறார். பேச்சு முடிந்தால் ஐந்தாண்டு ஒப்பந்தம். அதை மூன்று முறை ஐந்தைந்தாண்டாக நீட்டிக்கலாம் என்பதால் ஒரே ஒப்பந்தம் இருபது ஆண்டு ஓடக்கூடும். ஒரே பொருளை விற்கும் பல நிறுவனங்கள் அருகருகே பட்டியலில் இருக்கும். பிறகு அரசு அலுவலகங்கள் அதைப் பார்த்து ஆணை கொடுக்கும்.

அந்த இரண்டாம் கட்டத்துக்கும் விதிகள் உண்டு. சிறு தொகை என்றால் பட்டியலில் உள்ள யாரிடமும் வாங்கலாம். அதற்கு மேல் போனால் குறைந்தது மூன்று பேரின் விலையை ஒப்பிட வேண்டும். பெருந்தொகை என்றால் விலைப்புள்ளி கேட்டு எழுத வேண்டும். தள்ளுபடியும் கேட்டாக வேண்டும். இந்த எல்லைகள் பல ஆண்டுகள் 10,000 டாலரும் 2,50,000 டாலருமாக இருந்தன. 2025 அக்டோபரில் 15,000, 3,50,000 என உயர்ந்தன. ஒவ்வொரு விற்பனையிலும் முக்கால் விழுக்காடு கட்டணமாக ஜி.எஸ்.ஏ.வுக்குப் போகிறது. விற்பவர் அதை விலைக்குள்ளேயே சேர்த்துவிடுவார். இந்த ஏற்பாடு எனக்கு உறுத்துகிறது. விற்பனை கூடினால் மைய அமைப்பின் வருவாய் கூடுகிறது. விலை குறைந்தால் கூடுவதில்லை. அங்கே பணியாற்றுபவர்களின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. ஆனால் அமைப்பு எதைக் கொண்டு தன் வெற்றியை அளக்கும் என்பதை அதற்கு வருவாய் வரும் வழியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

ஒருவரோடு ஒருவர் போட்டியிடாத நிறுவனங்களிடம் நியாயமான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் இந்த முறையின் தனித்தன்மை இருக்கிறது. ஜி.எஸ்.ஏ. ஒரு நிறுவனத்தின் விலையை முதன்மையாக அந்நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்கள் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டது. ‘வெளிச்சந்தையில் யாருக்கு எவ்வளவு தள்ளுபடி தருகிறீர்கள், எந்த நிபந்தனையில் தருகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டது. உங்கள் மிக நல்ல வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் விலை அரசுக்கும் வேண்டும் என்பது பேச்சின் தொடக்கப் புள்ளி. ஒப்பந்தம் கையெழுத்தான பின்னும் கட்டு தொடரும். குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளர் வகுப்பை அளவுகோலாகத் தேர்ந்து எழுதிக்கொள்வார்கள். பின்னாளில் அந்த வகுப்புக்குக் கூடுதல் தள்ளுபடி கொடுத்தால் அரசுக்கும் அதே விகிதத்தில் விலை இறங்க வேண்டும்.

கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் முழுக் கட்டுமானமும் விற்பவர் தம் வாயால் சொல்லும் கணக்கின் மேல் நிற்கிறது. அந்தக் கணக்கு தவறானால் அதன் மேல் பேசிய விலையும் தவறு. அந்த விலையில் பத்தாண்டு, பதினைந்தாண்டு நடந்த ஒவ்வொரு கொள்முதலும் தவறு.

நடந்ததும் அதுதான் என்று அரசு வழக்குகளில் வாதிட்டது. தரவுச் சேமிப்புக் கருவிகள் விற்கும் நெட்ஆப் நிறுவனம் 2009-இல் 12.8 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2011-இல் ஆரக்கிள் 19.95 கோடி டாலர் கொடுத்தது. ஜி.எஸ்.ஏ. ஒப்பந்தம் தொடர்பான இவ்வகை வழக்குகளில் அதுவரை இல்லாத பெருந்தொகை அது. 2015-இல் விஎம்வேர் நிறுவனமும் அதன் விற்பனையாளரான காராசாஃப்டும் சேர்ந்து 7.55 கோடி டாலருக்கு உடன்பட்டன. மூன்றும் உடன்பாடாக முடிந்தவை, நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். வெளிச்சந்தையில் கொடுத்த தள்ளுபடிகளைப் பற்றி அரசுக்குச் சரியான தகவல் தரவில்லை என்பதே இவற்றின் அடிப்படைக் குற்றச்சாட்டு.

ஆரக்கிள் வழக்கைத் தொடங்கியவர் அங்கு முன்பு வேலை பார்த்த ஒருவர். உடன்பாட்டுத் தொகையில் 4 கோடி டாலர் அவருக்குப் போனது. இதற்கு வழி செய்த சட்டம் 1863-இல், லிங்கன் காலத்தில், உள்நாட்டுப் போரின்போது படைக்குக் கெட்டுப்போன சரக்கை விற்ற வணிகர்களைப் பிடிக்க இயற்றப்பட்டது. அரசை ஏமாற்றியவர் மீது தனிமனிதர் அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம். வென்றால் மீட்ட பணத்தில் பங்கு பெறலாம். ஏமாற்றியவர் இழப்பின் மும்மடங்கைக் கட்ட நேரலாம். ஷெட்யூல் முறையின் உண்மையான காவலர் இந்தப் பழைய சட்டம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஜி.எஸ்.ஏ.வின் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் ஆண்டுதோறும் ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்து, நிறுவனங்கள் தந்த விற்பனைத் தகவல்கள் முழுமையாகவோ அண்மைக்காலத்தவையாகவோ இல்லை என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. ஆனால் தணிக்கை சில ஒப்பந்தங்களையே எட்டுகிறது. நிறுவனத்துக்குள் உண்மை தெரிந்த ஒருவர் வாய் திறக்கும் வரை பெரும்பாலானவை வெளியே வருவதில்லை.

இத்தனை கடுமையான விதி விலையைக் குறைத்ததா? 2015-இல் ஜி.எஸ்.ஏ. தானே ஒரு கணக்கு வெளியிட்டது. ஒப்பந்தங்களில் பதிவான விலைக்குறைப்புகளில் அளவுகோல் வாடிக்கையாளரைக் கண்காணிக்கும் விதியால் வந்தவை ஏறக்குறைய 3 விழுக்காடுதான். மற்றவை சந்தையில் விலை இறங்கியதாலும் நிறுவனங்கள் தாமே விலைப்பட்டியலை மாற்றியதாலும் வந்தவை. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 2010-இல், ஓர் ஆலோசனைக் குழு இந்த விதியையே கைவிடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. நிறுவனங்கள் அளவுகோலாக வைக்கும் வாடிக்கையாளர் வகுப்பை முடிந்தவரை குறுக்கிக்கொண்டன. அரசைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லாத ஆலோசனை நிறுவனங்களுக்கோ இந்த ஒப்பீடே பொருந்தவில்லை.

சேவைகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. மேசைக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. ஐந்தாண்டு அனுபவமுள்ள மென்பொருள் வல்லுநரின் ஒரு மணி நேரத்துக்கு விலை என்ன? ஷெட்யூலில் அப்படித்தான் பட்டியலிடுகிறார்கள்: பதவியின் பெயர், கல்வி, அனுபவம், மணிக்கு இத்தனை டாலர். 2015-இல் இந்த மணிக்கூலிகளையெல்லாம் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் இணையக் கருவி வந்தது. அலுவலர்கள் புதிய நிறுவனத்தின் கூலியைப் பட்டியலில் ஏற்கெனவே உள்ளவர்களின் கூலியோடு ஒப்பிட்டு, சராசரிக்கு அருகில் இருந்தால் ஏற்றார்கள். ஆனால் பட்டியலில் இருப்பவை எல்லாமே உச்ச விலைகள். யாரும் உண்மையில் கொடுத்த விலைகள் அல்ல. உச்சத்தை உச்சத்தோடு ஒப்பிட்டால் உச்சம்தான் நியாயமாகத் தெரியும். 2022 செப்டம்பரில் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின் முடிவு, இந்த ஒப்பந்த விலைகள் அரசுக்கு மிகக் குறைந்த மொத்தச் செலவைத் தருகின்றன என்று ஜி.எஸ்.ஏ.வால் உறுதி கூற முடியாது என்பது. இங்கே சட்டம் முக்கியம். 1984-இன் போட்டிச் சட்டம் ஷெட்யூல் முறையைப் போட்டிமுறையாக ஏற்றதே இரண்டு நிபந்தனைகளின் பேரில்தான்: எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், அரசின் தேவையை மிகக் குறைந்த மொத்தச் செலவில் நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது நிபந்தனை நிறைவேறுகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், முறையின் சட்ட அடித்தளத்தைப் பற்றியே கேள்வி எழுகிறது.

முதல் நிபந்தனைக்கும் எல்லை உண்டு. 1979-இன் வணிக உடன்படிக்கைச் சட்டப்படி, இந்தப் பட்டியலில் விற்கும் பொருள் அமெரிக்காவிலோ ஏற்கப்பட்ட நாடுகளிலோ உருவானதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் அந்த நாடுகளுள் ஒன்று. வளர்ச்சியில் மிகவும் பின்தங்கியது என்ற வகையில் வங்கதேசத்துக்கும் இடமுண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சீனா ஆகியவற்றுக்கு இல்லை. மருந்துகளுக்கான ஷெட்யூலை முன்னாள் படைவீரர் நலத்துறை நடத்துகிறது. இந்தியாவில் செய்த மூலப்பொருளைக் கொண்டு நியூ ஜெர்சியில் மாத்திரையாக்கினால் அது இந்தியப் பொருளா என்று அங்கே ஒரு வழக்கு எழுந்தது. அசெட்ரிஸ் என்ற நிறுவனம் தொடுத்த அவ்வழக்கில் 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அமெரிக்காவில் செய்த பொருளே என்று தீர்ப்பளித்தது. இந்திய மருந்துத் தொழிலுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரியது என்பது இங்கே அதிகம் பேசப்படவில்லை.

விலைக்கே திரும்புவோம். விற்பவர்கள் உண்மையை மறைப்பதும் அலுவலர்கள் உச்ச விலையை உச்ச விலையோடு ஒப்பிடுவதும் மேலே தெரியும் கோளாறுகள். அவற்றின் அடியில் வேறொன்று இருக்கிறது. ஷெட்யூல் ஒப்பந்தத்தில் அரசு எவ்வளவு வாங்கும் என்று சொல்வதில்லை. ஒப்பந்தம் முழுவதற்குமாக அது உறுதியளித்த குறைந்தபட்சத் தொகை 2,500 டாலர். கல்யாணத்துக்கு அரிசி வாங்க மண்டிக்குப் போகிறவர் எத்தனை மூட்டை என்று சொன்ன பிறகுதான் விலை பேசத் தொடங்குகிறார். மூட்டைக் கணக்கைச் சொல்லாமல் விலை மட்டும் கேட்டால் கடைக்காரர் சில்லறை விலைக்குச் சற்றே கீழே ஒன்றைச் சொல்வார், அவ்வளவுதான். ஷெட்யூல் அலுவலர் அந்த நிலையில்தான் பேசுகிறார். உலகின் மிகப் பெரிய வாங்குநரின் சார்பில் அமர்ந்திருந்தாலும் அவர் கையில் எந்த அளவும் இல்லை. எனவே அந்த மேசையில் முடிவாவது இதற்கு மேல் கொடுக்க மாட்டோம் என்ற வரம்பு. உண்மையான விலை பின்னால், ஒரு குறிப்பிட்ட அலுவலகம் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையோடு வந்து தள்ளுபடி கேட்கும்போது பிறக்கிறது. அந்த அலுவலகத்திடம் விலை ஏற்கெனவே நியாயமானது என்று விதி சொன்னால் அது ஏன் கேட்கப் போகிறது? பாதுகாப்புத் துறையின் 2014 ஆணை தொட்டது இந்த இடத்தைத்தான்.

அளவைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. 2010-இல் எழுதுபொருள்களுக்கு ஜி.எஸ்.ஏ. ஒரு சிறப்பு ஏற்பாடு செய்தது. தேர்ந்தெடுத்த சில நிறுவனங்களோடு பேசி, எல்லாத் துறைகளும் சேர்ந்து வாங்கும் மொத்தத் தொகை குறிப்பிட்ட எல்லைகளைத் தாண்டும்போது எல்லோருக்கும் விலை இறங்கும்படி எழுதிக்கொண்டார்கள். விலை இறங்கியது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தவர்களும் தங்கள் ஷெட்யூல் விலையைக் குறைத்தார்கள். ஆனால் தேர்வாகாத சிறு வணிகர்கள் விற்பனையை இழந்து கடுமையாக எதிர்த்தார்கள். அளவை ஒருமுகப்படுத்தினால் யாரோ ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. இந்தச் செலவை மறைத்துவிட்டுச் சேமிப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இந்தியாவிலும் இதே கதை வேறு பெயர்களில் நடந்திருக்கிறது. மைய அரசின் வழங்கல், அகற்றல் தலைமை இயக்குநரகம் பல பத்தாண்டுகள் ‘ரேட் கான்ட்ராக்ட்’ போட்டது. விலை, காலம், நிபந்தனை எல்லாம் முடிவாகியிருக்கும். அளவு மட்டும் இருக்காது. ஒரே பொருளுக்குப் பலரோடு ஒப்பந்தம் இருக்கும். துறைகள் நேரே ஆணை கொடுக்கும். வேறு யாருக்காவது குறைந்த விலையில் விற்றால் அரசுக்கும் குறைக்க வேண்டும் என்ற விதி அங்கும் இருந்தது. ‘ஃபால் கிளாஸ்’ என்பார்கள். விற்பவர் தானாக முன்வந்து சொல்லாவிட்டால் அது தெரிய வழி குறைவு என்பதும் அதே. 2016 ஆகஸ்டில் ‘ஜெம்’ என்ற அரசு மின்சந்தை வந்தது; 2017 அக்டோபர் 31 அன்று இயக்குநரகம் மூடப்பட்டது. மின்சந்தையில் முன்கூட்டிப் பேசிய விலை இல்லை. விற்பவர் அன்றன்று விலை போடுகிறார். தொகை கூடக்கூட ஒப்பீடும் போட்டி ஏலமும் கட்டாயமாகின்றன.

மற்றொரு வழியைத் தமிழ்நாடு 1994-லேயே தேர்ந்தது. அவ்வாண்டு தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளின் அத்தியாவசிய மருந்துகளை மூலப்பெயரில் பட்டியலிட்டது. மாநிலம் முழுவதுக்கும் ஓராண்டுக்கு எவ்வளவு தேவை என்று மதிப்பிட்டது. அந்த அளவை அறிவித்து டெண்டர் கேட்டது. முதலில் தொழில்நுட்ப உறையைப் பிரிப்பார்கள். தகுதி பெற்றவர்களின் விலை உறையை மட்டும் பிறகு பிரிப்பார்கள். குறைந்த விலை சொன்னவரால் முழு அளவையும் தர முடியாது என்றால், அடுத்தவர்கள் அதே விலைக்கு இறங்கி வந்தால் பங்கு கிடைக்கும். வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி குறியீடிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மருத்துவமனைகள் தமக்கு ஒதுக்கிய தொகைக்குள், கையில் உள்ள பாஸ்புக்கைக் கொண்டு, மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இங்கும் விலை முன்கூட்டியே முடிவானதுதான். ஆனால் மூட்டைக் கணக்கைச் சொல்லிவிட்டுப் பேசிய விலை. அதனால் அது உச்ச வரம்பாக நிற்காமல் கொடுக்கும் விலையாகவே இருந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இந்த மாதிரியை எடுத்துக்கொண்டன.

மருந்துக்கு இது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. பாராசிட்டமால் எங்கும் பாராசிட்டமால்தான். ஆண்டுத் தேவையை முன் அனுபவத்தால் கணிக்கலாம். கணிப்பு தவறினால் ஓரிடத்தில் மருந்து காலாவதியாகும், இன்னோரிடத்தில் தீர்ந்துபோகும். கணிப்பது கடினமான பொருளுக்கும் ஆளுக்கு ஆள் மாறும் சேவைக்கும் இந்த வழி உதவாது. அங்கே ஷெட்யூல் போன்ற திறந்த பட்டியலுக்கே இடம் உண்டு. அதில் உள்ள எண்ணை வரம்பாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆணையின்போதும் மறுபடி பேச வேண்டும்.

2016-இல் ஜி.எஸ்.ஏ. இன்னொரு வழியைத் தொடங்கியது. நிறுவனங்கள் தம் மற்ற வாடிக்கையாளர் கணக்கைத் தர வேண்டாம். அதற்குப் பதிலாக அரசு அலுவலகங்களுக்கு விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையில் வாங்கிய விலையைத் தெரிவிக்கட்டும் என்றது. ஓர் அலுவலகம் கொடுத்த விலை மற்ற அலுவலகங்களின் பேரத்துக்கு ஆயுதமாகும் என்ற எண்ணம் சரியானது. ஆனால் அந்தத் தரவு விலை முடிவுகளில் பயன்படுத்தப்படவே இல்லை என்று 2021-இல் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கண்டறிந்தது. ஐந்தாண்டு திரட்டிய விலைகள் பேரம் பேசும் அலுவலரின் மேசைக்கு வந்து சேரவில்லை.

2025 மார்ச் 20 அன்று குடியரசுத் தலைவர் ட்ரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். அமெரிக்க அரசு பொதுவான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஆண்டுக்குச் சுமார் 49,000 கோடி டாலர் செலவிடுகிறது. அந்தக் கொள்முதலை ஜி.எஸ்.ஏ.வின் கீழ் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். 1910-இன் நோக்கமும் இதுதான். துறைகளின் ஒப்பந்தக் கோப்புகளை ஒரே அலுவலகத்துக்கு மாற்றுவது எளிது. அடுத்த ஆண்டு இத்தனை கணினி, இத்தனை மென்பொருள் உரிமம் என்று அத்துறைகளிடமிருந்து முன்கூட்டியே எண்ணிக்கை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரிடம் பேசுவது கடினம். அதற்கு ஒவ்வொரு துறையும் தன் விருப்பப்படி வாங்கும் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள சிறு வணிகர்கள் பலர் இடம் இழப்பார்கள்.